அவர் பேரில் ஒரு நடை

மேஜையைச் சுற்றி ஒரு வட்டம், குறுக்கே வந்து ஸ்டூலைச் சுற்றி இன்னொரு வட்டம், எட்டு முடிந்தது, மறுபடி மேஜை. எட்டு வடிவத்தில் நடந்தால் சர்க்கரை இறங்கும், மூட்டு வலி போகும் என்று யாரோ இவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், இவர் அதை எனக்கு அனுப்பினார். சர்க்கரை இவருக்கு, மூட்டு வலி இவருக்கு, நடக்கிறவள் மட்டும் நான். சோபாவில் உட்கார்ந்துகொண்டு அடுப்படியில் நிற்கிற பெண்டாட்டிக்கு வாட்ஸ்அப் அனுப்புகிற மனிதரிடம் என்ன பேசுவது. என் கையில் கட்டியிருக்கிற வாட்சும் இவருடையதுதான். முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடியிருக்கிறேன், ஏனென்றால் பி பிளாக் மோனிஷா வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் கண்ஜாடை காட்டிவிட்டார், மறை என்று. எம்.பி.ஏ. படிக்கிற பெண். ஏதோ ப்ராஜெக்டாம். "கையில கட்டிக்கிற ஸ்மார்ட் வாட்ச், பேண்டு இதெல்லாம் இருக்கில்ல அங்கிள், அதை ஜனங்க எதனால வாங்கறாங்கன்னு கண்டுபிடிக்கணும். நான் கேள்வி கேப்பேன், நீங்க ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மார்க் சொன்னா போதும்" என்கிறாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நாளைக் காலை வெறும் வயிற்றோடு ஆஞ்சியோவுக்குப் போக வேண்டிய நோயாளி, மார்க் போடச் சொன்னதும் எப்படித் தேறிவிட்டார் பார். "வாட்ச் எங்க அங்கிள்?" "சார்ஜ்ல இருக்கும்மா." பொய்யை எவ்வளவு லேசாகச் சொல்கிறார். நான் ஸ்டூலைச் சுற்றி வருகிறேன். "ஆன்ட்டி வாக்கிங்கா?" "ஆமாம்மா, சும்மா." சும்மா இல்லை. இவருக்காக. இவருடைய இதயத்துக்காக என் கால் நடக்கிறது, இவருடைய வாட்சில் என் இதயம் துடிக்கிறது, அந்தத் துடிப்பு சரியில்லை என்று வாட்ச் சொல்லிவிட்டது, அதற்காக நாளைக்கு இவர் உடம்புக்குள் குழாய் விடப் போகிறார்கள். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏன் வாங்கினீங்க அங்கிள்? மெயின் ரீசன்?" "ஹெல்த்தும்மா. இந்த வயசுல ஹெல்த்துதானே எல்லாம்." தட்டிக்கொள்கிறாள் போனில். ஹெல்த்தாம். மூன்றாவது மாடி ஜெயபாலன் என்று சொல்லுங்களேன். நல்லா இருந்த மனிதர், குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை, கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். அவர் கையில் வாட்ச் இருந்தது. முந்தின நாளே அது ஏதோ எச்சரித்திருக்கிறது, வாட்சில் கோளாறு, கடையில் கொடுத்து மாற்ற வேண்டும் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார். கீழே பந்தலில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் அதையே பேசினார்கள். "வாட்ச் சொல்லிச்சு சார். அவர்தான் கேக்கல." எடுக்கும் முன்பே ஒருவர் இன்னொருவரிடம் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று மெல்லக் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குள் லிஃப்டில் ஏறுகிற கையிலெல்லாம் கறுப்புச் சதுரம். ஜெயபாலன் பெண்டாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இவர் அந்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஏசி போட்ட கடை, கண்ணாடிப் பெட்டி, கழுத்தில் அட்டை தொங்க ஒருத்தர் வந்து, "இது தூங்கும்போதும் உங்களைப் பாத்துக்கும் சார்" என்றார். இவர் முகம் மலர்ந்த அழகை அன்றைக்குப் பார்க்க வேண்டும். தூங்கும்போது பார்த்துக்கொள்கிற வேலையைத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் செய்கிறேன், குறட்டை நின்றால் விழித்துக்கொள்வேன், மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன், ஆனால் எனக்கு வாரன்டி கார்டு கிடையாதே. பயத்தில் வாங்கினார் என்று எழுதிக்கொள்ளம்மா மோனிஷா. பயம், அஞ்சுக்கு அஞ்சு. அந்தக் கேள்வி உன் போனில் இருக்காது. மேஜை. இந்தத் திருப்பத்தில்தான் மூச்சு கொஞ்சம் பிடிக்கிறது.

"யூஸ் பண்ண ஈசியா இருக்கா?" "ரொம்ப ஈசி. கட்டினா போதும், அது பாட்டுக்கு வேலை செய்யும்." அஞ்சு. இவருக்கு ஈசிதான், ஏன் இருக்காது. இவர் ஆபீஸில் நடைப்போட்டி வைத்தார்கள். மானேஜர் முதல் ப்யூன் வரை தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும், யார் எவ்வளவு நடந்தார்கள் என்று வரவேற்பறையில் பெரிய திரையில் பேர் ஓடும். தெய்வசிகாமணி என்று நீளமான பேர் இவருக்கு, ஒளிக்கவும் முடியாது, அது நேற்றுச் சேர்ந்தவர்களுக்கும் கீழே கடைசியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். அப்புறம் ஒரு நாள் காலையில் ஆபீஸ் கிளம்பும்போது வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "கஸ்தூரி, நீதான் காலைலேருந்து நடந்துகிட்டே இருக்கியே. சும்மா வேஸ்டாப் போற ஸ்டெப்ஸ். கட்டிக்கோயேன்." வேஸ்டாகப் போகிற ஸ்டெப்ஸ். கோபம் வந்ததா என்றால் வரவில்லை, அதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. படுக்கப் போகும்போது வாட்சைத் திருப்பி அந்த எண்ணைக் காட்டினார். அடுப்படியிலிருந்து வாஷிங்மெஷினுக்கு, அங்கிருந்து மாடிக்கு, துணி காயப் போட்டு இறங்கி, வாசலில் பால் வாங்க, மறந்ததை எடுக்க, மறுபடி அடுப்படிக்கு. வெளியே எங்கேயும் போகாமல் இந்த மூன்று அறைக்கும் மாடிக்கும் நடுவிலேயே அத்தனை தூரம் நடந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் யாரும் எண்ணாததை அது எண்ணியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் இவர் கேட்கும் முன்பே கையை நீட்டினேன். நீங்க ஏன் கட்டிக்கிட்டீங்க ஆன்ட்டி என்று இந்தப் பெண் என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன், யாராவது எண்ணட்டும் என்று கட்டிக்கொண்டேன். கேட்க மாட்டாள். ஸ்டூல். இவர் பேர் திரையில் மேலே ஏறி ஏறி முதலிடத்துக்குப் போனது, சால்வை போட்டார்கள், அந்தச் சால்வையை நான்தான் அலசிக் காயப் போட்டேன், அந்த நடையும் இவர் கணக்கில் சேர்ந்தது.

ஏமாற்று வேலை என்று இவர் நினைக்கவே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இவர் கெட்டவர் இல்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது நான் யார் பேரைச் சொல்கிறேன்? தெய்வசிகாமணி, கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி. வரிசையில் நிற்கிறவள் நான், கால் வலிக்கிறவள் நான், பலன் இவருக்குப் போகிறது. கல்யாணமான மறு வருஷம் இவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கோயில் பிரகாரம் முழுக்க அடிப்பிரதட்சணம் செய்தேன், குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, மத்தியான வெயிலில் கல் கொதித்தது, இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார் என்று என் மாமியார் ஓடி வந்து சொன்னாள். வெள்ளிக்கிழமை நான் பட்டினி கிடந்தால் இவருக்கு ஆயுசு கெட்டி. அப்படியே பழகிய வீடு. வாட்சில் இவருடைய பேர், இவருடைய வயசு, இவருடைய எடை எல்லாம் போட்டு வைத்திருக்கிறது. கட்டிக்கொண்டு யார் நடந்தால் என்ன, பேர் இவருடையது, போய்ச் சேருவதும் இவருக்குத்தானே. அந்த மூளை வேறு எப்படி யோசிக்கும். படித்த மனிதர்தான், கணக்கில் புலி, ஆனாலும் வாட்சின் அடியில் எரிகிற அந்தப் பச்சை விளக்கு எந்தத் தோலுக்கு மேலே எரிகிறது என்று ஒரு நாள்கூட இவருக்குத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே. எவ்வளவு நாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே நோய் ஓரிடம் வைத்தியம் ஓரிடம். மேஜை. சிரிப்பு வருகிறது. சிரித்தால் மூச்சு இன்னும் வாங்கும்.

"உங்களுக்கு இதனால பிரயோஜனம் இருந்திருக்கா அங்கிள்?" இவர் குரலைத் தாழ்த்துகிறார். "உயிரையே காப்பாத்தியிருக்கும்மா." அந்தப் பெண் கண்ணை அகல விரிக்கிறாள். சொல்லட்டும், எனக்கு மனப்பாடம். ஆடி மாசம் லிஃப்ட் ரிப்பேரானபோது காய்கறிப் பையோடு மாடியேறி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சுக்குள் ஏதோ தாறுமாறாக ஓடுகிற மாதிரி, ஓடி நின்று மறுபடி ஓடுகிற மாதிரி. சொன்னேன். "கேஸ் ட்ரபிள். ராத்திரி உருளைக்கிழங்கு சாப்பிட்டியே. சீரகத் தண்ணி குடி." குடித்தேன். மறுபடி வந்தது, சொன்னேன். "வயசாகுதில்ல, இந்த நேரத்துல பொம்பளைங்களுக்கு அப்படித்தான் இருக்குமாம், படிச்சேன்." எங்கே படித்தாரோ. மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனைப் பார்த்தார், கை அப்படியே நின்றது. இந்த வாரத்தில் பல தடவை இதயத் துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பார்க்கவும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. வாசித்துக் காட்டும்போது குரல் உடைந்துவிட்டது. "ஜெயபாலனுக்கும் இதேதான் கஸ்தூரி." நான் பதறிப் போய் நெஞ்சைத் தடவிவிட்டேன். உண்மையாகவே பதறினேன், சாமி முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். அன்றிலிருந்து உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, அப்பளம் இல்லை. டாக்டர் போனில் வரைபடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை, ஆனால் இது வந்து வந்து போகும், வாட்சைக் கட்டிக்கொண்டே இருங்கள், அலைச்சல் வேண்டாம், ஓய்வு எடுங்கள் என்றார். இவர் லீவு போட்டுவிட்டு ஓய்வு எடுத்தார். ஆபீஸ் போட்டி மட்டும் ஓய்வு எடுக்குமா, அதனால் இவர் நடக்க வேண்டிய ஒன்றிரண்டு அடியையும் நானே நடந்தேன். வாட்ச் நாள் முழுக்க என் கைக்கே வந்துவிட்டது. நான் நடக்க நடக்க அது எச்சரித்தது. அது எச்சரிக்க எச்சரிக்க இவர் படுத்துக்கொண்டார். இவர் படுக்கப் படுக்க நான் நடந்தேன்.

"யாராவது ரெகமண்ட் பண்ணாங்களா, ஃபேமிலில, ஃப்ரெண்ட்ஸ்ல?" "என் பொண்ணு. புனேல இருக்கா. இந்த ஆப் அவ போன்லயும் இருக்கு, அங்கேருந்தே என்னைப் பாத்துக்கறா." பெருமை. இலக்கியா, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், அடுத்த மாசம் பிரசவத்துக்கு நான் போக வேண்டும். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் அதைத்தான் பார்க்கிறாள். "அம்மா, நேத்து மத்தியானம் அப்பாவுக்கு ஹார்ட் ரேட் ரொம்ப ஏறியிருக்கே, என்ன பண்ணிட்டிருந்தாரு?" நேற்று மத்தியானம் உன் அப்பா தூங்கிக்கொண்டிருந்தாரடி. பரணிலிருந்து இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தவள் நான். "ஒண்ணுமில்லம்மா, டிவி பாத்துட்டிருந்தாரு." "பாத்துக்கோம்மா அப்பாவ. எனக்கு இங்க பயமா இருக்கு." அழுதாள். போனை வைத்த பிறகு நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், என் மகள் தினமும் என் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தெரியாமல் பார்க்கிறாள். என் துடிப்பு ஏறினால் அவள் அங்கே போனைக் கையில் எடுக்கிறாள். வயிற்றில் இருந்தபோது என் துடிப்பைக் கேட்டே வளர்ந்தவள், இப்போது கேட்கிறாள், அப்பா என்கிறாள். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. மாசமாக இருக்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது. பயந்து ஏதாவது ஆகிவிட்டால். பிரசவத்துக்கு யார் போவது. ஸ்டூல், இல்லை, இப்போதுதான் ஸ்டூலைத் தாண்டினேன், மேஜை. கால் ஒன்று குளிர்ந்திருக்கிறது. முந்தானைக்குள் வாட்ச் ஈரமாக ஒட்டியிருக்கிறது.

எனக்கு எப்போது தெரிந்தது? ரவை வறுத்துக்கொண்டிருந்தேன், தாறுமாறாக ஓட ஆரம்பித்தது, கரண்டியைப் பிடித்தபடியே நின்றேன், அந்த நிமிஷமே மணிக்கட்டில் வாட்ச் உறுமியது. ஹாலில் இவர் போனும் சத்தம் போட்டது. "ஐயோ, மறுபடி வந்திடுச்சு" என்று இவர் கத்தினார். எனக்கு வந்தது. வந்தது எனக்கு. ரவை கருகிவிட்டது. கையைப் பார்த்தேன், பச்சை விளக்கு என் தோலில் எரிந்துகொண்டிருந்தது. ஜெயபாலன் பாத்ரூம் கதவு நினைவுக்கு வந்தது, எனக்கு அந்தக் கதவை உடைக்க யார் வருவார்கள், இவர் எழுந்து வந்து என்ன தீயுது என்று கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. பயம்தான். இத்தனைக்கும் நடுவில் ஒரு கேவலமான சந்தோஷமும் இருந்தது, பார்த்தீர்களா, கேஸ் இல்லை. நான் சொன்னபோது சீரகத் தண்ணி, வாட்ச் சொன்னதும் பெரிய ஆஸ்பத்திரி. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லப் போனேன். "ஏங்க, அது வந்து, வாட்ச் என் கையிலதானே இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். "அதுக்கு என்ன இப்ப? என் பேர்லதானே இருக்கு. நெஞ்சு வலிக்குதுடி எனக்கு, நீ வேற" என்றார். நிஜமாகவே வலித்தது இவருக்கு, முகம் வெளுத்திருந்தது. நம்பிவிட்டால் வலி வராமலா போகும். மூட்டு வலியோடு டெஸ்டுக்கு ட்ரெட்மில்லில் ஓட முடியவில்லை, அதனால் நேராக ஆஞ்சியோ என்று நாள் குறித்துவிட்டார்கள். அப்போதுதான் முடிவு செய்தேன். இங்கே சொன்னால் ஏறாது. நாளைக்குச் சொல்வேன், ஆஸ்பத்திரியில், டாக்டர் முன்னால், அவர் அந்த வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும்போது, "டாக்டர், அது இவரோடது இல்ல, என்னோடது" என்று ஒரே வாக்கியம். அங்கே என்னைப் படுக்கச் சொல்வார்கள். சொல்லித்தானே ஆக வேண்டும், அங்கே போவதற்கு எனக்கு இருக்கிற ஒரே வழி இவருடைய நோய்தான். நாளை வரை தாங்கினால் போதும். இன்றைக்கு ஒரு சாயங்காலம்.

"டேட்டா ப்ரைவசி பத்தி பயம் இருக்கா அங்கிள்? உங்க பர்சனல் விஷயம் வெளில போயிடும்னு?" "எனக்கென்னம்மா ஒளிக்க இருக்கு." ஒன்று. மேஜை. மேஜை விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனால் தேவலை. ஸ்டூல் தூரமாகத் தெரிகிறது. தண்ணீர் குடிக்கலாம், இந்த எட்டை முடித்துவிட்டு. வருகிறது. இல்லை, நடை நின்றால் நின்றுவிடும். வருகிறது. ஓடுகிறது, நிற்கிறது, இரண்டு சேர்ந்து ஓடுகிறது, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, முந்தானைக்குள் மணிக்கட்டு உறுமுகிறது, அதே நேரத்தில் மோனிஷாவின் முன்னால் டீப்பாயில் இருந்த இவர் போனும். இவர் எடுத்துப் பார்த்தார். முகம் உடனே விழுந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். "கஸ்தூரி, மறுபடி, மறுபடி வந்திடுச்சு." "அங்கிள்! என்னாச்சு அங்கிள்? ஆன்ட்டி, தண்ணி!" நான் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பெண் என்னைத் தாண்டி, என் தோளில் இடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள், நல்ல பெண், டம்ளர் எங்கே என்று அவளுக்குத் தெரியாது, பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. "வாட்சக் குடு, சீக்கிரம், வரும்போது விரல் வச்சு ரெக்கார்ட் பண்ணச் சொன்னாரே டாக்டர், குடு, குடு." மூன்று எட்டு வைத்தால் சோபா. வைத்தேன். வாரைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை, இவரே பிடுங்கித் தன் கையில் கட்டிக்கொண்டார், என் வியர்வையோடு. விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடு அசைந்தது, முருகனைக் கூப்பிடுகிறார். நான் சோபாவின் கையில் சாய்ந்து நின்றேன். போனில் கோடு ஓடியது, மேடு பள்ளம் மேடு பள்ளம், பள்ளிக்கூடப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதுகிற மாதிரி ஒழுங்காக ஓடியது.

இவர் கண்ணைத் திறந்து பார்த்தார். சீராக இருக்கிறது என்று போட்டிருந்தது. நாடித் துடிப்பு எழுபத்திரண்டு. அதற்கு மேலே, சற்று முன் வந்த எச்சரிக்கை இன்னும் அப்படியே சிவப்பாக இருந்தது, எழுபத்திரண்டைப் போல இரண்டு மடங்கு. இவர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னுடையதை. வார் அழுத்திய தடம் சிவந்து வட்டமாக இருந்தது. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தை எனக்குத் தெரியும், கணக்கு நேராகிவிட்டால் புருவம் எப்படி இறங்கும் என்று தெரியும். இறங்கியது. இவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமலே புரிந்துவிட்டது, இனி டாக்டர் முன்னால் ஒரு வாக்கியம்கூட வேண்டாம், இதோ இப்போது என் கையைப் பிடித்து உட்கார வைப்பார், கஸ்தூரி, உனக்கா என்பார், மோனிஷாவை விட்டு ஆட்டோ கூப்பிடச் சொல்வார். நான் காத்திருந்தேன். இவருடைய தோள் மெல்லத் தளர்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டார், எத்தனையோ வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. கன்னத்தில் ரத்தம் திரும்பியது. சாகப் போவதில்லை என்று ஒரு மனிதருக்குத் தெரிந்தால் முகம் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது அடங்கட்டும், அப்புறம் என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். மோனிஷா சொம்பு நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, சரியாயிடுச்சு. பாரு, எவ்ளோ நார்மலா இருக்கு" என்று போனை அவளிடம் காட்டினார். தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தார். சொம்பில் மிச்சம் வைக்கவில்லை. "கஸ்தூரி, நாளைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம். நான் போன் பண்ணி கேன்சல் பண்ணிடறேன். எதுக்கு வீணா உடம்பைக் குத்திக்கிட்டு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். ஏங்க என்ற ஒரு சொல்லுக்குக்கூட மூச்சு சேரவில்லை, அதற்குள் அந்தப் பெண் சிரித்துவிட்டாள், பயந்துபோன சிரிப்பு. "பயமுறுத்திட்டீங்க அங்கிள். இன்னும் ரெண்டே கேள்விதான், கேக்கட்டுமா, இல்ல அப்புறம் வரட்டுமா?" "கேளும்மா, கேளு." "இந்த டிவைஸ் சொல்றத நீங்க எவ்ளோ நம்பறீங்க?" "அஞ்சும்மா. அஞ்சுக்கு மேல இருந்தா அதையே போட்டுக்கோ." ஓடுகிறது, நிற்கிறது, சேர்ந்து ஓடுகிறது. நான் சோபாவின் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன். கால் வலிக்கிறது போல என்று அவள் நினைத்திருப்பாள். "கடைசி. வீட்ல வேற யாராவது இத யூஸ் பண்றாங்களா?" என் முகத்துக்கு நேராகத்தான் இவருடைய கை இருந்தது, வாட்சின் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது. சொல்லுங்கள் என்று நினைத்தேன். "இல்லம்மா" என்றார். "இவளுக்கு எதுக்கு இதெல்லாம். இரும்பு உடம்பு." நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னபோதும், சொல்லி முடித்த பிறகும், எழுபத்திரண்டு.